கூடுதலாக ஒரு தலை

சுற்றுலாவும் வளர வேண்டும், சுற்றுச்சூழலும் வாழ வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு சமநிலை வேண்டும் என்பதில் அந்தத் தீவில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கருத்து வேறுபாடே இல்லாத விஷயத்துக்குத்தான் முதலில் அலுவலகம் திறப்பார்கள். திறந்தார்கள்.

‘சுற்றுலா மற்றும் சுற்றுச்சூழல் சமநிலைப் பேணுகை அலுவலகம்’ என்று பலகை எழுதி மாட்டினார்கள். பலகை கட்டடத்தை விட நீளம். மிச்சம் இருந்த பாதி, பக்கத்துச் சலவைக்கடைச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஜனங்கள் சட்டையைக் கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுப்பதும், குறையைக் கொண்டுவந்து சலவைக்கடையில் சொல்வதுமாக இருந்தார்கள். சட்டை தொலைந்துபோனது. குறைக்காவது ஒரு ‘உச்’ கிடைத்தது.

அந்த ‘உச்’ கொட்டியவள் சலவைக்கடை அக்கா. ஊருக்கே அக்கா. கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. வீட்டில் தங்கச்சியும், துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற தங்கச்சி புருஷனும். அக்காவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. தங்கச்சிக்கு இப்போது நிறைமாசம்.

அக்காவுக்கும் ஒரு குறை இருந்தது. உல்லாசக் கப்பல் வந்து நின்றால் ஊரில் பாதி வானம் காணாமல் போகும். அதன் புகைபோக்கி விடுகிற மூச்சில், கொடியில் வெள்ளையாக ஏறிய விரிப்பு கறுப்பாக இறங்கும். கப்பல் நாளில் ஊர்க் குழாயில் தண்ணீர் வராது, காற்று வரும். நங்கூரம் இறங்கிய இடத்தில் பவளப்பாறை பொடிப்பொடியாகிக் கரையில் ஒதுங்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வாசலில் ஏறினாள்.

சமநிலை அதிகாரி மேஜையில் ஒரு பித்தளைத் தராசு வைத்திருந்தார். அதில் அவர் எதையும் நிறுத்து யாரும் பார்த்ததில்லை. அதனால் ஊரில் அவர் பெயர் தராசு சார். கிளிப்பச்சைச் சட்டை, மூங்கில் குவளை, தோளில் சணல் பை. அந்த மூன்றும் விமானத்தில் ஏறி ஏழெட்டு மாநாடு பார்த்தவை. வந்த முதல் மாதமே ஊரிலுள்ள நாற்காலி, கம்பம், புகை கக்கும் ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் பச்சை வண்ணம் பூசி ‘பசுமை நாற்காலி’, ‘பசுமைக் கம்பம்’, ‘பசுமை ஜெனரேட்டர்’ என்று பெயர் வைத்தார். முதல் மழையில் வண்ணம் கரைந்து கடலில் கலந்தது. ‘பசுமைக் கடல்’ என்று அதையும் சாதனையில் சேர்த்துக்கொண்டார்.

“சார், கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க” என்றாள் அக்கா.

“எதை?”

“கப்பலைத்தான். ஒண்ணு போறதுக்குள்ள இன்னொண்ணு வந்து நிக்குது. துணியெல்லாம் கரி.”

“கப்பலைக் குறைக்க முடியாதும்மா, அது ஒப்பந்தம். நீங்க துணியோட நிறத்தை மாத்த முடியுமான்னு பாருங்க.”

“விரிப்பு வெள்ளையாத்தானே சார் இருக்கும்?”

“அதுதான் பிரச்சினையே. இருந்தாலும் உங்க குறையை நான் லேசா விடமாட்டேன். குழு போடறேன்.”

குழு வந்தது. ஆய்வு செய்ய ஒரு படகில் ஏறியது. ஏழாவது உறுப்பினர் ஏறியதும் படகு கொஞ்சம் தாழ்ந்தது. அங்கேயே ஞானம் பிறந்துவிட்டது. படகைச் சுற்றியும் தண்ணீர், தீவைச் சுற்றியும் தண்ணீர். ஆள் கூடினால் படகு தாழ்கிறது. ஆகவே தீவும் தாழும். கடல் மட்டம் உயர்கிறது என்று ஊரார் இத்தனை நாள் புலம்பியது அறியாமை. கடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஊர்க்காரர்களின் தலைப்பாரத்தால் தீவுதான் இறங்கிக்கொண்டிருக்கிறது.

“அப்போ கப்பல்ல வர்றவங்க?” என்று அக்கா கேட்டாள். “அவங்களும் தலையோடதானே வர்றாங்க?”

“அவங்க விடுமுறையில வர்றவங்க. கவலை இல்லாத மனுஷன் லேசாத்தான் இருப்பான். ஊர்க்காரங்களைப் பாருங்க, தண்ணி இல்லை, துணி கறுப்பாச்சுன்னு எத்தனை கவலை! அத்தனையும் பாரம்.”

தன்னால்தான் தீவு முழுகுகிறதோ என்று அக்கா ஒரு நிமிஷம் காலை மெதுவாகக்கூட எடுத்துவைத்தாள் என்றால் பாருங்களேன்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. கப்பல் நிற்கும் நாளில் பயணிகள் இறங்குவார்கள். ஊர்க்காரர்கள் ‘எதிர்ச்சுமை’ என்ற தகுதியில் கப்பலில் ஏறி, அவர்கள் காலி செய்த இடத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். பயணிகளின் வசதிக்குத் தேவையான தலைகள் மட்டும் தீவில் தங்கலாம். எந்த வாசலில் எத்தனை தலை என்று கதவிலேயே பச்சை வண்ணத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். அக்காவின் கதவில் மூன்று: பயணிகளின் துண்டு துவைக்க அக்கா, மடிக்கத் தங்கச்சி, தேவைப்பட்டால் வந்துபோக நர்சம்மா.

ஊர் கொதித்தது. சொந்த மண்ணை விட்டு ஒரு அடி நகரமாட்டோம் என்று கொதித்துக்கொண்டே ஏறினார்கள். ஏறினால், உள்ளே சில்லென்று காற்று. கேட்காமலே தட்டில் சாப்பாடு. குளிக்க ஒரு குளம், குளித்தபின் துவட்ட அக்கா துவைத்த துண்டு. சாப்பாடு கொடுக்க அடையாளம் வேண்டுமே என்று கழுத்தில் ஒரு பயணி அட்டையும் மாட்டிவிட்டார்கள். சாயங்காலம் இறங்கி வந்தவர்கள் உத்தரவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கப்பல் எப்போது என்றுதான் கேட்டார்கள்.

எல்லோரையும் விடக் கிறங்கிப்போனவன் கயிற்றுக்கார மாப்பிள்ளை. காலையில் கயிற்றைக் கட்டிவிட்டு ஏறினால் சாயங்காலம் அவிழ்க்கத்தான் இறங்குவான்.

“அக்கா, அங்க நாற்காலியே நம்மளைப் பிடிச்சு விடுது அக்கா! முதுகு, இடுப்பு, தோளு...”

“நல்லது மாப்ள. உங்க பொண்டாட்டி இடுப்பு வலிக்குதுங்கறா. அந்த நாற்காலிகிட்ட கொஞ்சம் சொல்லி அனுப்புங்க.”

“அதான் சொல்றேன், அவளும் வரட்டும். டாக்டர் இருக்காரு. பிரசவமே அங்க வெச்சுக்கலாம்.”

அக்கா இஸ்திரிப் பெட்டியை ‘டொக்’கென்று வைத்தாள். அந்தச் சத்தத்திலேயே மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்தத் தீவில் பழைய சட்டம் ஒன்று. தீவு மண்ணில் பிறந்தவருக்குத்தான் தீவில் சொந்த வீடு. வெளியே பிறந்தவர் இருக்கலாம், போகலாம், வாடகை கொடுக்கலாம். சொந்தம் கொண்டாட முடியாது. பிள்ளை கப்பலில் பிறந்தால் அது பயணி. அக்காவுக்கும் தங்கச்சிக்கும் பிறகு வீடும் கடையும் அலுவலகத்துக்குப் போய்விடும். பலகை ஏற்கெனவே குடிவந்தாயிற்று. அதன் பின்னால் அலுவலகம் வரவேண்டியதுதான் பாக்கி. தராசு சார் போகும்போதும் வரும்போதும் அந்தச் சுவரைப் பார்க்கிற பார்வையை அக்கா கவனிக்காமல் இல்லை.

“புள்ள இங்கதான் பொறக்கும்” என்றாள். “இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம்.”

பிள்ளைகளுக்கு உத்தரவு தெரியாது. நல்ல நாளெல்லாம் விட்டுவிட்டு, இருப்பதிலேயே பெரிய கப்பல் வந்து நின்ற நாளில், தெருவெல்லாம் தொப்பி போட்ட பயணிகள் திரிந்த முன்பகலில், தங்கச்சிக்கு வலி எடுத்தது. நர்சம்மா பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பின்கட்டில் நுழைந்தாள். தங்கச்சி போட்ட முதல் சத்தத்தில் பக்கத்து அறையில் தராசு ஆடியிருக்க வேண்டும். அதிகாரி வாசலில் வந்து நின்றார்.

“என்னம்மா சத்தம்?”

“தங்கச்சிக்கு வலி வந்திருச்சு சார்.”

“ரொம்ப சந்தோஷம். எத்தனை பேர் ஆவீங்க?”

“எத்தனை பேருன்னா?”

“முடிவில. இந்தக் கதவுக்கு மூணு தலைதான் அனுமதி. மூணு இருக்கு. பொறந்தா நாலு.”

“நாலாவது ஏற்கெனவே உள்ளதானே சார் இருக்கு?”

“வெளியே வராத வரைக்கும் அது குடும்ப விவகாரம். அலுவலகம் அதுக்குள்ள போகாது. வெளியே வந்தா கூடுதல் சுமை.” அதிகாரி குரலைத் தணித்தார். “சாயங்காலம் கப்பல் கிளம்பினப்புறம் பெத்துக்கிட்டா யாருக்கும் சங்கடம் இல்லை.”

“நீங்களே சொல்லிப் பாருங்க சார். பெரியவங்க சொன்னா கேக்குதோ என்னமோ.”

அதிகாரி உண்மையாகவே பின்கட்டுக் கதவருகே போய்த் தொண்டையைச் செருமினார். “குறிப்பிட்ட நபரின் கனிவான கவனத்துக்கு...” என்று தொடங்கினார். உள்ளேயிருந்து நர்சம்மா வீசிய ஈரத்துணி அவர் கிளிப்பச்சைச் சட்டையில் வந்து ஒட்டியது. பேச்சுவார்த்தை அத்துடன் முறிந்தது.

“அப்போ கப்பலுக்குக் கொண்டுபோயிடலாம்மா. டாக்டர் இருக்காரு, ஏசி இருக்கு.”

“வீடு?”

“வீடு எங்க போகுது? நாங்க பக்கத்திலதானே இருக்கோம்” என்று சொல்லிக்கொண்டே அவர் சுவரை ஒரு சாண் அளந்தார். கை தானாகவே அளந்தது, பாவம்.

“ஒரு தலை குறையணும், அவ்வளவுதானே? நீங்க கிளம்புங்க சார்” என்றாள் அக்கா.

“நானா? நான் தலை இல்லையம்மா. நிர்வாகம்.”

அக்கா வாயைத் திறப்பதற்குள் வாசல் இருண்டது. பூப்போட்ட சட்டை, ஓலைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் அட்டை, கையில் குட்டிக் குடை செருகிய பழச்சாறு என்று ஒரு உருவம் மூச்சிரைக்க வந்து நின்றது. சாட்சாத் நம் மாப்பிள்ளைதான். மேல்தளத்திலிருந்து தூரக்கண்ணாடியில் வேடிக்கை பார்த்தவன், நர்சம்மா தன் வீட்டுக்குள் ஓடுவதைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடிவந்திருக்கிறான். எதிர்ச்சுமை பாதியில் இறங்கக் கூடாது. ஆனால் கீழே நின்ற சிப்பந்திகள் அட்டையைப் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை. தடுக்காததோடு, ஓடுகிறவன் கையில் பழச்சாற்றையும் திணித்து அனுப்பியிருக்கிறார்கள்.

தராசு சாரின் முகம் மலர்ந்தது. இரு கையும் விரிந்தது.

“வருக, வருக! எங்கள் எழில்மிகு தீவு தங்களை அன்புடன் வரவேற்கிறது!”

“எங்க அவ? என்ன ஆச்சு?” என்றான் மாப்பிள்ளை.

“ஆகா! நம்ம மொழியைக் கத்துக்கிட்டு வந்திருக்காரே! இந்த மரியாதை நம்ம ஊர்க்காரனுக்கு வருமா?”

“யோவ் தராசு, நான் கயிறு கட்டறவன்யா!”

“பார்த்தீங்களா? நம்ம தொழிலையெல்லாம் செஞ்சு பார்க்க ஆசைப்படறார்.” அதிகாரியின் கண் கலங்கியது.

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே ஒரு யோசனையும் வந்தது.

“சார், இவரோட சேர்த்து இந்தக் கதவுக்குள்ள நாலு தலை ஆச்சே?”

“பயணி கூடினால் அது வளர்ச்சிம்மா. ஊர்க்காரர் கூடினாத்தான் சுமை.”

“அப்போ ஊர்க்காரர் ஒருத்தர் பயணி ஆயிட்டா?”

அதிகாரியின் மனசுக்குள் இரண்டு தட்டு மேலும் கீழும் போய்வந்தது முகத்தில் தெரிந்தது. “சுமையில ஒண்ணு குறையும்” என்றார் மெதுவாக. “வளர்ச்சியில ஒண்ணு கூடும். அம்மா... ரெண்டு பக்கமும் லாபமான ஒரு சமநிலையை நான் எந்த மாநாட்டிலயும் கேட்டதில்லை.”

“தலை தெரியுது!” என்று உள்ளேயிருந்து நர்சம்மா கத்தினாள்.

“எந்தக் கணக்கில?” என்று அதிகாரி திருப்பிக் கத்தினார்.

அக்கா நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைத்தெரு வழியாக ஓடினாள். ‘உள்ளூர்ப் பெண்மணி ஓடுகிறாள்’ என்று பயணிகள் படம் எடுத்தார்கள். கப்பல் படியில் ஏறி, “நானும் எதிர்ச்சுமை, அட்டை குடுங்க” என்று வாங்கிக் கழுத்தில் மாட்டி, அந்தப் பக்கப் படியில் இறங்கி, யாரோ தலையில் கவிழ்த்த ரோஸ் நிறத் தொப்பியோடு திரும்பி ஓடினாள். இப்போது அவளை யாரும் படம் எடுக்கவில்லை. வழிவிட்டார்கள்.

வாசலில் அதிகாரி கைகளை விரித்தார். “அம்மையீர், எங்கள் எழில்மிகு—”

“தள்ளுங்க சார்!”

அவள் உள்ளே போய் விழவும், பிள்ளை வெளியே வந்து விழவும் சரியாக இருந்தது. பெண் குழந்தை. தீவு மண்ணில், சுவருக்கு இந்தப் பக்கம், சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மூன்றாவது தலை. பிறந்ததும் அது போட்ட சத்தத்துக்கு அதிகாரி ஆட்சேபம் சொல்லவில்லை. ஆனால் சுவரைக் கடைசியாக ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அக்கா அன்று மத்தியானம் அட்டையைக் கழற்ற மறந்து, குடத்தோடு தெருவுக்குப் போய்விட்டாள். பயணிகளுக்கென்று இருந்த குழாயில் அலுவலக ஆட்கள் அவளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்கள். நிழல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ‘எங்கள் தீவு பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்தத் தீவில் இருக்கிறவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. அக்கா கொஞ்சம் யோசித்து, “பரவாயில்லை” என்றாள்.

ஊருக்குள் விஷயம் பரவ அது போதாதா? அடுத்த கப்பலில் ஏறியவர்கள் யாரும் மேலே தங்கவில்லை. ஒரு படியில் ஏறி மறு படியில் பயணியாக இறங்கினார்கள். மீன்காரர் இறங்கினார், வாத்தியார் இறங்கினார், நர்சம்மா இறங்கினாள், தங்கச்சியும் ஒரு தொப்பியோடு இறங்கினாள். அலுவலகத்தில் ‘ஊர்க்காரரிலிருந்து பயணியாக மாறுதல்’ என்று தனி ஜன்னலே திறந்தார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து இந்தப் பக்கம் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நிர்வாகமும் ஒரு நாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அட்டை மாட்டிக்கொண்டது. நிர்வாகத்துக்கும் தாகம் எடுக்குமே.

அப்புறம் கப்பல் இல்லாத நாளிலும் அவர்கள் பயணிகளாகவே இருந்துவிட்டார்கள். பழகிப்போயிற்று. தன் வீட்டுக் கதவைத் திறந்து, “அடடா, என்ன அழகான சின்ன வீடு!” என்று வாத்தியார் சொன்னார். தன் அடுப்படியைத் தானே படம் எடுத்தார்கள். பயணி தெருப் பெருக்க மாட்டான், சாக்கடை தள்ள மாட்டான். குடித்த குவளையை அழகான இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டுப் போவான். அப்படியே செய்தார்கள். அக்கா மட்டும் துவைத்துக்கொண்டுதான் இருந்தாள். யாராவது கேட்டால், “சும்மா பொழுதுபோக்குக்கு” என்றாள்.

ஊர்க்காரர் கணக்கு மளமளவென்று இறங்கியது கண்டு மேலிடத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. தராசு சாருக்குப் பச்சைக் கேடயம் வந்தது. தீவு லேசாகிவிட்டதல்லவா, அந்த இடத்துக்கு இன்னும் இரண்டு கப்பலுக்கு அனுமதி கொடுத்தார்கள். மிச்சமிருந்த பாதி வானமும் போயிற்று. துறைமுகத்தில் குப்பை மலையாக எழும்பி, அதன் உச்சியிலிருந்து காட்சி அருமையாக இருக்கிறது என்று பயணிகள் ஏற ஆரம்பித்தார்கள். கடைசியில் அந்த நாற்றம் மேலிடத்தின் மூக்குக்கே எட்டிவிட்டது. யார் பொறுப்பு என்று கேட்டார்கள்.

விதி தெளிவாக இருந்தது. மாசுக்குப் பொறுப்பு அங்கே குடியிருப்பவர்கள். மொத்தத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டும். பிரித்தார்கள். பிரிக்க ஒரே ஒரு தலைதான் இருந்தது.

தராசு சார் கேடயத்தை வாங்கின அதே சட்டையோடு சலவைக்கடைக்கு வந்தார். பின்னால் ஊரே வந்தது, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக. தொட்டிலில் படுத்திருந்த குழந்தை அவர் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது.

“இந்தத் தீவின் ஒட்டுமொத்த குடிமக்களாகிய தங்களுக்கு” என்று அதிகாரி வாசித்தார். “இங்கு சேர்ந்துள்ள குப்பை, கரி, உடைந்த பவளம் ஆகிய அனைத்தும் தங்கள் பங்காகும். தாங்கள் நடக்கத் தொடங்கியவுடன் இவற்றை அப்புறப்படுத்தக் கடமைப்பட்டவர். தவழும் பருவத்திலேயே தொடங்கினால் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்படும். தவறினால், தாங்கள் சுமை என்று கருதப்பட்டு, தீவை விட்டு வெளியேற்றப்படுவீர்கள். வீடு அலுவலகத்தைச் சேரும்.”

அக்காவின் கை தொட்டிலை இறுகப் பிடித்தது. “அய்யோ, கைப்பிள்ளை சார்! அது என்ன பண்ணும்?”

“உலகத்திலேயே தலைக்கு இவ்வளவு மாசு பண்ற ஆள் வேற யாரும் இல்லைம்மா. மேலிடமே மிரண்டுபோயிருக்கு.” அவருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. “ஒரு வழி இருக்கு. இங்க யாராவது ஒருத்தர் அட்டையைக் கழட்டி, ‘நான் இந்த ஊர்க்காரன்’னு சொன்னாப் போதும். பங்கு பாதியாயிடும். பத்துப் பேர் சொன்னா பத்தில ஒண்ணு.”

அக்கா கூட்டத்தைப் பார்த்தாள். வாத்தியார் தொடுவானத்தைப் பார்த்தார். நர்சம்மா, “இங்க சூரிய அஸ்தமனம் ரொம்ப நல்லா இருக்கும்னு சொன்னாங்க” என்றாள், மத்தியான வெயிலில். மீன்காரர் தன் படகையே யாருடையதோ என்பதுபோலப் படம் எடுத்தார்.

“மாப்ள! பெத்த தகப்பன் நீங்களாவது?”

“கழட்டிருவேன் அக்கா, எனக்கென்ன? ஆனா வேலை போயிடுமே. இப்போ கப்பலுக்குப் பயணிங்கதான் கயிறு கட்டறாங்க.”

“நீ கழட்டேன் அக்கா” என்றாள் தங்கச்சி.

அக்காவின் கை அட்டைக்குப் போனது. போய் நின்றது. “நான் கழட்டிட்டா புள்ளைக்கு யாருடி தண்ணி பிடிச்சுக் குடுப்பா? ஊர்க்காரக் குழாயில காத்துதானே வருது.” சொல்லிவிட்டு, அட்டையை ரவிக்கைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, அவரவர் அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி, குடிமக்கள் தரப்பை விசாரிச்சுடலாம்” என்று அதிகாரி குழந்தையைத் தூக்கினார். குடிமக்கள் தரப்பு முகத்தைச் சுருக்கியது, சிவந்தது, முக்கியது. பச்சைச் சட்டை மஞ்சளானது.

கூட்டம் மொத்தமும் தொப்பியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்வாங்கியது. “கையும் களவுமாக” என்று அதிகாரி எட்டத்தில் ஏந்தியபடியே சொன்னார். அந்த அமைதியில் ஒரு குரல் நன்றாகவே கேட்டது:

“சே! இந்த ஊர்க்காரங்களே இப்படித்தான். சுத்தம்னா என்னன்னே தெரியாது.”

யார் சொன்னது என்று அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.